எதிரொலியும் பேய்ச் சிரிப்பும்

(கொல்லிமலை செம்மேட்டில் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



எதிரொலி என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "இது என்ன பிரமாதமான விஷயம்? மலைக்காரர்களுக்கு மலையின் எதிரொலியைப் பற்றி வெளியூரான் வந்து சொல்ல வேண்டுமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். எதிரொலியை என்னைவிட நீங்கள் அதிகம் கேட்டிருப்பீர்கள். ஆனால் கேட்பது வேறு. கேட்டதற்குக் காரணம் தேடுவது வேறு. காரணம் தேடாதவனுக்கு எதிரொலி பேயாகப் போயிற்று. காரணம் தேடினவனுக்கு அதே எதிரொலி கடலின் ஆழத்தை அளந்து கொடுத்தது. தாயின் வயிற்றில் குழந்தை நேராக இருக்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்று காட்டிக் கொடுத்தது. இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இன்று பேசப் போகிறேன். நான் சொல்லுவதில் பெரும்பாலானவற்றை இம்மலையிலேயே நீங்கள் பரீட்சை செய்து பார்க்கலாம். பார்த்துவிட்டு நம்புங்கள், பார்க்காமல் நம்ப வேண்டாம்.

மலை பேசுமா?

கொல்லிமலைக்குப் பழங்காலந்தொட்டு ஒரு கதை உண்டு. சங்க காலத்துப் பாட்டுகளிலேயே கொல்லிப்பாவை என்னும் பெயர் வருகிறது. பெண் உருவத்தில் ஒரு பாவையாம். அசுரர் வாடை பட்டால் அது சிரிக்குமாம். சிரிப்பில் மயங்கிக் கிட்டப் போனவனைக் கொன்றுவிடுமாம். இன்று எட்டுக்கை அம்மன் என்று கும்பிடுவது அந்தப் பாவையைத்தான் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இக்கதை எதிரொலியிலிருந்துதான் பிறந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொன்னால் நானும் ஒரு புராணக்காரன் ஆகிவிடுவேன். நான் கேட்பதெல்லாம் இதுதான்: பள்ளத்தாக்கில் மாடு தேடிப் போகிறவன் காதில் ஆளில்லாத இடத்திலிருந்து ஒரு சிரிப்பு விழுந்தால், அவன் ஓட வேண்டுமா, நின்று யோசிக்க வேண்டுமா? நாம் நின்று யோசிப்போம்.

ஒலி என்பது என்ன? பறையைத் தட்டினால் தோல் அதிர்கிறது. அந்தத் தோல் பக்கத்துக் காற்றை இடிக்கிறது. அந்தக் காற்று அடுத்த காற்றை இடிக்கிறது. இப்படியே இடி இடியாகப் போய் உங்கள் காதிலுள்ள சவ்வைத் தட்டுகிறது. அவ்வளவுதான் ஒலி. காற்றில் அது விநாடிக்குச் சுமார் 1,120 அடி போகும். சுவரில் எறிந்த பந்து எப்படித் திரும்பி வருகிறதோ, அப்படியே பாறையில் மோதிய ஒலியும் திரும்பி வருகிறது. வைக்கோல் போரில் எறிந்த பந்து திரும்பாது, ஒலியும் அப்படியே. அதனால்தான் சாமான் இல்லாத வெறும் வீட்டில் பேசினால் கணகணவென்று கேட்கிறது; அதே வீட்டில் தானிய மூட்டையும் துணிமணியும் நிறைந்துவிட்டால் சத்தம் அடங்கிவிடுகிறது. வெறும் வீட்டில் பேய் குடியிருப்பதாகச் சொல்லுகிறவர்கள் நாலு மூட்டை சாமையைக் கொண்டுபோய் அடுக்கிப் பார்க்கட்டும்.

அப்படியானால் சின்ன அறையில் எதிரொலி ஏன் தனியாகக் கேட்பதில்லை என்று கேட்கலாம். நம் காதுக்கு ஒரு குறை உண்டு. விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இரண்டு ஒலி வந்தால் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒலி 112 அடி போகும். போக 56, வர 56. ஆகவே எதிரே இருக்கும் பாறை சுமார் 56 அடிக்கு அப்பால் இருந்தால்தான் எதிரொலி தனியாகக் காதில் விழும். பாறை கிட்டத்தில் இருந்தால், நீங்கள் நீளமாகக் கூப்பிடும் பேரின் முன்பாதி உங்கள் குரலோடு கலந்து போய்விடும். கடைசி எழுத்து மாத்திரம் திரும்பிவரும்.

இப்போது ஆகாய கங்கை விழுகிற பள்ளத்தைப் போன்ற ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பாறைச் சரிவுகள். ஒன்று கிட்ட, ஒன்று எட்ட, மற்றொன்று இன்னும் எட்ட. நீங்கள் "ஹா" என்று ஒருதரம் சத்தமிடுகிறீர்கள். கிட்டத்துப் பாறை முதலில் "ஹா" என்கிறது. அடுத்தது கொஞ்சம் பொறுத்து "ஹா" என்கிறது. மூன்றாவது பின்னும் பொறுத்து "ஹா" என்கிறது. ஒருதரம் கத்தினதற்கு "ஹா, ஹா, ஹா" என்று சிரிப்பு வந்துவிட்டது! இதில் பாவையும் இல்லை, மாயமும் இல்லை. மூன்று பாறைகளும் மூன்று தூரங்களும்தான் இருக்கின்றன.

இதைப் பரீட்சிக்கச் செலவு ஒன்றுமில்லை. இன்று எல்லோர் சட்டைப் பையிலும் உள்ள கைப்பேசியிலேயே விநாடி காட்டும் கடிகாரம் இருக்கிறது. பாறைக்கு எதிரே நின்று பலமாக ஒரு கைத்தட்டுத் தட்டுங்கள். திரும்பிவர இரண்டு விநாடி ஆனால் பாறை 1,120 அடி தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பாறையை நோக்கி 560 அடி நடந்துபோய் மறுபடியும் தட்டுங்கள். ஒரு விநாடியில் திரும்பும். பேயாக இருந்தால் இப்படி வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்குமா என்று கேட்கிறேன்.

"பகலில் கேட்காத சத்தம் ராத்திரியில் கேட்கிறதே, அது என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. பகலில் தரை சூடாக இருப்பதால் தரையை ஒட்டிப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, கீழ்க்காற்றுச் சில்லென்றும் மேல்காற்றுச் சற்றுச் சூடாகவும் இருக்கும்போது, மேலே போகும் ஒலி கீழ்நோக்கி வளைகிறது. அதோடு காற்றும் ஓய்ந்து, ஊரும் அடங்கியிருக்கும். எனவே எங்கோ தூரத்தில் பேசுகிறவன் குரல் பக்கத்தில் பேசுகிறதுபோல் கேட்கிறது. கேட்கிறவன் பயந்து மந்திரவாதிக்குக் கோழி கொடுக்கிறான். குளிர்ந்த காற்றுக்குக் கோழி எதற்கு?

மலையைப்போல் பல பாஷை தெரிந்த பண்டிதன் உலகத்தில் இல்லை. தமிழில் கூப்பிட்டால் தமிழில் சொல்லும், சமஸ்கிருதத்தில் சொன்னால் சமஸ்கிருதத்தில் சொல்லும், இங்கிலீஷுக்கு இங்கிலீஷ். என்ன குறையென்றால், சொல்லுவதின் அர்த்தம் மாத்திரம் அதற்குத் தெரியாது. அர்த்தம் தெரியாமல் கேட்டதையே திருப்பிச் சொல்லுவது மலைக்குக் குற்றமில்லை; ஏனெனில் அது கல். மனிதனும் அப்படியே செய்வதுதான் வெட்கக்கேடு.

இதே எதிரொலி பிஜாப்பூரில் கோல்கும்பாஸ் என்னும் கட்டடத்தில் வேடிக்கையாக இருக்கிறது. 1656-ம் ஆண்டில் கட்டி முடிந்த அந்தக் கும்மட்டத்தின் ஓரத்தில் ஒருவர் ரகசியம் பேசினால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது. ஒரு சத்தம் பல தடவை திரும்பி வருகிறது. ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்கிறார்கள். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்த சர். சி. வி. ராமன் அவர்கள் இப்படிப்பட்ட ரகசியக் கூடங்களை 1920-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து, ஒலி வளைந்த சுவரை ஒட்டிக்கொண்டு எப்படி ஓடுகிறது என்று எழுதினார். கட்டடத்தில் கேட்டால் அதிசயம், காட்டில் கேட்டால் பேய் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

வௌவாலுக்குக் கண் எது?

மனிதன் எதிரொலிக்குப் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம் அதை வைத்தே பிழைத்துவந்த ஒரு ஜீவன் உண்டு. அதுதான் வௌவால். பாழடைந்த மண்டபத்திலும் குகையிலும் தொங்குவதால் அதையும் பேயோடு சேர்த்துவிட்டோம்.

1793-ல் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்பவர் இதைப்பற்றி ஆராய்ந்தார். அவர் ஒரு பாதிரியார்; ஆனால் வௌவாலைப் பற்றி வேதப் புஸ்தகத்தில் தேடாமல் வௌவாலையே கேட்டார். முழு இருட்டறையில் ஆந்தை முட்டிக்கொண்டது, வௌவால் முட்டவில்லை. கண்ணிழந்த வௌவாலும் முட்டாமல் பறந்தது. அடுத்த ஆண்டில் ஜெனீவாவில் ஜூரின் என்பவர் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். காது அடைபட்டதும் அது குருடனைப்போல் முட்டி மோதியது. ஆகவே அது காதால் வழி பார்க்கிறது என்று தெரிந்தது. ஆனால் கேட்பதற்கு அங்கே சத்தமே இல்லையே என்று உலகம் சிரித்தது. கூவியே என்னும் பெரிய பண்டிதர், தாம் ஒரு பரீட்சையும் செய்யாமலே, அது தொடு உணர்ச்சியால்தான் பறக்கிறது என்று சொல்லிவிட்டார். பெரியவர் சொன்னதென்று நூறு வருஷத்துக்கு மேல் அதையே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வாக்கென்றால் ஆராயாமல் தலையாட்டும் வியாதி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

1938-ல் அமெரிக்காவில் ஹார்வார்டு கலாசாலை மாணவர் டொனால்டு கிரிஃபின், பியர்ஸ் என்னும் ஆசிரியர் செய்திருந்த ஒரு கருவியின் முன் வௌவாலைக் கொண்டுபோனார். மனிதன் காதுக்குக் கேட்காத ஒலியைக் கேட்கும் கருவி அது. மௌனமாக இருப்பதாக நாம் நினைத்த வௌவால் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது! நம் காதுக்கு விநாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகள்தான் கேட்கும். பூச்சி தின்னும் வௌவால்கள் பல இதற்கு மேலே 30,000, 50,000, சில ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வில் கத்துகின்றன. இதைத்தான் மீயொலி என்கிறோம்.

அவ்வளவு மெல்லிய குரல் எதற்கு? ஏரியில் எழும் பெரிய அலை ஒற்றை நாணலைத் தாண்டிப் போய்விடும், திரும்பாது. பெரிய கல் கரையில் மோதினால்தான் திரும்பும். நம் குரலின் அலை ஒவ்வொன்றும் சில அடி நீளம். அது கொசுவில் பட்டுத் திரும்பாது; தாண்டிப் போய்விடும். 50,000 அதிர்வுள்ள ஒலியின் அலையோ ஏழு மில்லிமீட்டர்தான். அது சின்னப் பூச்சியிலும் பட்டுத் திரும்பும். ஆறடி தூரத்துப் பூச்சியில் பட்ட குரல் விநாடியில் சுமார் நூறில் ஒரு பங்கில் திரும்பிவிடும். அந்த நேரத்தை வைத்துத் தூரத்தையும், இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் திசையையும் வௌவால் தெரிந்துகொள்ளுகிறது. தேடும்போது விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை கத்துவது, பூச்சியை நெருங்கும்போது நூற்றைம்பதுக்கும் மேல் போகிறது. உங்கள் கைத்தட்டுப் பரீட்சையைத்தான் அதுவும் செய்கிறது. கொஞ்சம் வேகமாகச் செய்கிறது.

எல்லா வௌவாலும் இப்படித்தான் என்று உடனே ஒரு புது வேதம் எழுதிவிடக் கூடாது. ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு எதிரொலி வேலையில்லை. அதற்குக் கண் நன்றாகத் தெரியும். இன்னொரு உதாரணம் நம் மதுரையிலேயே இருக்கிறது. மதுரைப் பல்கலைக்கழகத்து மாரிமுத்து என்பவரும் ஜெர்மனியிலிருந்து வந்த நாய்வைலர் என்பவரும், தவளையும் எலியும் பிடிக்கும் பெரிய காது வௌவாலை ஆராய்ந்து 1987-ல் எழுதினார்கள். செத்த தவளையைத் தரையில் சரசரவென்று இழுத்தால் வௌவால் பாய்ந்தது. ஈரக் கண்ணாடியின் மேல் ஓசைப்படாமல் இழுத்தால் அது சட்டை செய்யவில்லை. ஆகவே அந்த வேட்டையில் அது தன் குரலின் எதிரொலியை அல்ல, இரை செய்யும் சத்தத்தையே கேட்டுப் போகிறது என்று தெரிந்தது. விஞ்ஞானம் என்பது இதுதான். நேற்றுக் கண்டுபிடித்த உண்மையையும் இன்று ஈரக் கண்ணாடியின் மேல் இழுத்துப் பார்க்கும்.

நம் பயிரைத் தின்னும் பூச்சியை வௌவால் இரவெல்லாம் தின்கிறது. அதைச் சகுனத்தடை என்று புகை போட்டுத் துரத்துவதும் கல்லால் அடிப்பதும் நஷ்டமே ஒழிய லாபமல்ல. கையால் பிடிக்கவும் வேண்டாம். காட்டு ஜீவனிடத்தில் நோய் இருக்கலாம். தூர நின்று விட்டுவிட்டால் போதும்.

கடலிலிருந்து வயிற்றுக்கு

1880-ல் பிரான்சு தேசத்துக் கியூரி சகோதரர்கள் சில படிகக் கற்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகிறது என்று கண்டார்கள். அந்தக் கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரவும் செய்யும். 1912-ல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத தடையைக் கடலில் கண்டுகொள்ள வழி தேடினார்கள். அடுத்து வந்த யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்தன. லாஞ்செவின் என்பவர் 1917-ல் படிகக் கல்லைக்கொண்டு தண்ணீரில் மீயொலி அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்க வழி செய்தார். தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 4,900 அடி போகும். அனுப்பின ஒலி இரண்டு விநாடியில் திரும்பினால் கடல் 4,900 அடி ஆழம். கொல்லிமலைப் பாறைக்குச் செய்த அதே கணக்குத்தான். நம் ராமனவர்களும் நாகேந்திரநாத்தும் 1935, 36-ம் ஆண்டுகளில் மீயொலி ஓடும் தண்ணீரில் வெளிச்சம் எப்படிச் சிதறுகிறது என்பதற்குக் கணக்குக் கண்டார்கள். அது இன்றும் உலகமெங்கும் அவர்கள் பேராலேயே வழங்குகிறது.

1958-ல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் இந்த எதிரொலியைத் தாயின் வயிற்றைப் பார்க்க உபயோகித்து எழுதினார்கள். இதுதான் நீங்கள் ஸ்கேன் என்கிறது. வைத்தியர் வயிற்றில் ஒரு பசையைத் தடவுகிறார். அது மருந்தல்ல, கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று நின்றால் ஒலி உள்ளே போகாது, அதற்காகத் தடவுவது. கருவி விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலியை அனுப்புகிறது. தண்ணீர், சதை, எலும்பு என்று ஒன்றிலிருந்து மற்றொன்று மாறும் இடந்தோறும் கொஞ்சம் எதிரொலி திரும்புகிறது. திரும்பி வந்த நேரத்தையெல்லாம் யந்திரம் கணக்கிட்டுப் படமாக வரைகிறது. இது எக்ஸ்ரே அல்ல, வெறும் ஒலி.

மலைமேல் இருக்கிற தாய்மார்களுக்கு இதன் அருமை சமவெளியில் இருப்பவர்களைவிட அதிகம். காரவள்ளி வழியாகக் கீழே போக 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வலி எடுத்த பிறகு குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றோ, நஞ்சுக்கொடி வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றோ தெரிந்து என்ன பிரயோஜனம்? ரத்தம் போய்க்கொண்டிருக்க எழுபது வளைவும் சுற்ற முடியுமா? முன்கூட்டியே ஸ்கேன் பார்த்தால் முன்கூட்டியே கீழே போய்ச் சேரலாம். நேர்ந்துகொண்டு முடிபோடுவதால் நஞ்சுக்கொடி நகராது.

எதிரொலியைக் கொண்டு செய்த கொலை

தோழர்களே! இனி வெட்கப்பட வேண்டிய சங்கதிக்கு வருகிறேன். உயிர் காக்க வந்த இந்தக் கருவியை நம்மவர்கள் எதற்கு உபயோகித்தார்கள்? வயிற்றில் இருப்பது பெண்ணா என்று பார்த்து, பெண்ணாக இருந்தால் அழிக்க உபயோகித்தார்கள். ஸ்கேன் வருமுன் சேலம் ஜில்லாவில் பிறந்த பெண் குழந்தையைக் கொல்லும் கொடுமை இருந்து, 1992-ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்று வைக்க வேண்டியதாயிற்று. பிறகு யந்திரம் வந்து கொலையைப் பிறப்புக்கு முன்னாலேயே நடத்த வசதி செய்தது. 2001-ம் ஆண்டு ஜனக் கணக்கில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் சேலத்தில் 851, தருமபுரியில் 826, தமிழ்நாடு முழுவதற்கும் 942. 2011-ல் தமிழ்நாட்டுக் கணக்கு 943. பத்து வருஷத்தில் ஒன்றே ஒன்று ஏறியிருக்கிறது! கருவின் பாலைக் கண்டு சொல்லுவது குற்றம் என்று 1994-லேயே சட்டம் செய்து, அது 1996-லிருந்து அமலில் இருக்கிறது. கேட்பவனும் குற்றவாளி, சொல்லும் வைத்தியனும் குற்றவாளி.

இதைச் செய்தவர்கள் படிக்காதவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யந்திரத்தை ஓட்டியவன் வைத்தியப் பட்டம் வாங்கியவன். பணம் கொடுத்தவன் கொடுக்க வசதியுள்ளவன். மலையில் இருப்பவர்களை நாகரிகமில்லாதவர்கள் என்று பேசும் சமவெளிக்காரன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அதிலும் இன்னொரு மூடத்தனம் பாருங்கள். பெண்ணைப் பெற்றாள் என்று மருமகளை அடிக்கிறார்கள். குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் எதனால்? தாயின் கருமுட்டை எல்லாம் ஒரே வகை. தகப்பன் வித்திலேதான் இரண்டு வகை உண்டு. எது போய்ச் சேருகிறதோ அதன்படி குழந்தை. பெண் பிறந்தது குற்றமென்று யாரையாவது கேட்க வேண்டுமென்றால் மீசை முறுக்குகிறவனைத்தான் கேட்க வேண்டும். குற்றமே இல்லாத காரியத்துக்கு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

பேய் இல்லை என்று தெரிந்துகொள்ளுவது முதற்படி. கருவி செய்யக் கற்றுக்கொள்ளுவது இரண்டாவது படி. இரண்டு படியும் ஏறிவிட்டு, பெண் தாழ்ந்தவள் என்ற பழைய எண்ணத்தை மாத்திரம் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தால், அறிவு கொலைக் கருவியாகத்தான் முடியும். அந்த எண்ணமும் ஓர் எதிரொலிதான். எவனோ ஒருவன் என்றைக்கோ சொன்னதை, அர்த்தம் பாராமல், நம் வீடுகள் கல்லைப்போல் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, தோழர்களே! பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கைத்தட்டிப் பாறையின் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் எந்தப் பாறை என்று தேடச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் காலத்தில் ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். அங்கே வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தாயும் குழந்தையும் சௌக்கியமா?" என்பது. அதற்கு மேல் ஒருவன் கேட்டால் அவன் உங்கள் மாமனாக இருந்தாலும் மைத்துனனாக இருந்தாலும் கண்டியுங்கள்.